முதல் வகுப்பில் கண்களுக்குத்தான் வேலை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "குழு உடற்பயிற்சி நடத்துவதற்கான படிப்பை முடித்துவிட்டேன். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில் என் முதல் வகுப்பு. 45 நிமிடம். 20 பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இளையவருக்கு வயது 24, மூத்தவருக்கு 71. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எவ்வளவு தயார் செய்ய வேண்டும், என்ன பாட்டுப் போடுவது, எந்த மொழியில் பேசுவது, இத்தனை வயதினரையும் எப்படி ஒன்றாக நடத்துவது?"

நான் மதுரையிலிருந்து திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். 17 ஆண்டுகளாகக் கோயில் மண்டபங்களிலும் சமூகக் கூடங்களிலும் உடற்பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வயிற்றுக் கலக்கம். "20 பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்களே" என்பதுதான் அதன் வேர். ஆனால் முதல் முறையாக வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு உங்களை எடைபோட நேரமே இருக்காது. தன் கால் எங்கே போகிறது, பக்கத்தில் நிற்கும் சம்பந்தியம்மா தன்னைப் பார்க்கிறாரா, மேல்சட்டை ஏறிக்கொள்கிறதா என்பதே அவர் கவலை. யாரும் யாரையும் சரியாகப் பார்க்காத அந்த அறையில் எல்லோரையும் பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சொந்தப் பயிற்சியை வேறு நேரத்தில் செய்துகொள்ளுங்கள். அந்த 45 நிமிடமும் உங்கள் கண்களுக்குத்தான் வேலை. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் பயம் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் பயத்துக்கு இடம் கொடுக்காத அளவுக்குப் பார்க்க வேண்டியது இருக்கும்.

இதை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் வந்த ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. மாணவிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, அசைவுகளை நானே முழுமூச்சாகச் செய்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவர்கள் செய்வார்கள் என்று நினைப்பு. 25ஆம் நிமிடம் வாக்கில் பின்னாலிருந்து ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினால், கடைசி வரிசையில் 60 வயதைத் தாண்டிய ஓர் ஆன்ட்டி சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்கிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தப் புழுக்கத்தில் எல்லோர் உடம்பும் கொதித்துக்கொண்டிருக்க, அவருடைய உள்ளங்கை மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. "என்ன செய்கிறது ஆன்ட்டி?" என்று கேட்டதற்குச் சற்று நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையைக் காலையில் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறார். விரதம் என்பதால் ஒன்றும் சாப்பிடவில்லை. கோயில் சமையலறையிலிருந்து யாரோ சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார்கள். கால் மணி நேரத்தில் அவருக்கு முகம் தெளிந்தது. அப்போது பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்: "அஞ்சு நிமிஷமாவே அவங்க சுவத்தைப் பிடிச்சிட்டுத்தான் நின்னாங்க." அந்த ஐந்து நிமிடமும் என் முதுகுதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் முதல் வகுப்பும் புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமையில் வருகிறது. இங்குள்ள நம் மக்கள் அந்த மாதத்தை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்பதும் தெரியும். ஆகவே வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் தனியாக, தணிந்த குரலில் கேளுங்கள்: காலையில் சாப்பிட்டீர்களா? சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் இவற்றுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா? மூட்டில் வலியோ அண்மையில் அறுவை சிகிச்சையோ உண்டா? நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்ததுண்டா? கருவுற்றிருக்கிறீர்களா? எல்லோர் முன்னிலையிலும் "யாருக்காவது ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று உரக்கக் கேட்டால் ஒரு கைகூட உயராது. நெஞ்சு இறுக்கம் என்று யாராவது சொன்னால் அன்று அவர் நாற்காலியில் அமர்ந்து பார்க்கட்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்தால் அவரை ஆட விடாதீர்கள். விரதத்தை மதிப்பது வேறு, உடம்பை ஆபத்தில் தள்ளுவது வேறு. மூச்சுப் பயிற்சியும் கை நீட்டலும் மட்டும் செய்யச் சொல்லுங்கள், அல்லது பால், பழம் அருந்திவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. விரைவாகச் செரிக்கும் 15 கிராம் இனிப்பு உடனே கொடுக்க வேண்டும். அரை டம்ளர் பழச்சாறு அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை போதும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதித்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தவறியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த இரண்டு எண்களையும் மண்டபத்தின் முழு முகவரியையும் உங்கள் குறிப்புத்தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் தெருப்பெயர்கூட மறந்துபோகும். பழச்சாற்றை மூடிபோட்ட பெட்டிக்குள் வைப்பது நல்லது, சன்னல் வழியாகக் குரங்கு வந்து தூக்கிக்கொண்டு போவது டர்பனில் புதிதல்ல.

இனி வகுப்புக்கான தயாரிப்பு. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, அளவுக்கு மீறிச் சேர்த்துவைப்பது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பயிற்சி இசை 32 தாளத் தட்டுகள் கொண்ட சுற்றுகளாக ஓடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 16 வினாடி. இதயத் துடிப்பை ஏற்றும் பகுதி 20 நிமிடம் என்றால் 75 சுற்றுகள். இந்த 75ஐக் கண்டு மிரண்டுதான் முப்பது, நாற்பது அசைவுகளை மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஆறு அசைவுகள் போதும். நின்ற இடத்தில் நடை, பக்கவாட்டில் அடிவைத்துத் தட்டுவது, முழங்கால் தூக்குவது, குதிகாலை முன்னால் ஊன்றுவது, நான்கடி முன்னே நான்கடி பின்னே, கால் பின்னி நடப்பது. முதலில் கால் மட்டும், பிறகு கை சேர்த்து, பிறகு திசை மாற்றி என்று வளர்த்தால் இந்த ஆறுக்குள் 20 நிமிடம் ஓடிவிடும். வந்தவர்களுக்கும் "எனக்கு வந்துவிட்டது" என்ற மகிழ்ச்சி கிடைக்கும். அந்த மகிழ்ச்சிதான் அவர்களை மறுவாரம் கூட்டிக்கொண்டு வரும்.

உடலைச் சூடேற்ற 8 நிமிடம், மேலே சொன்ன பகுதி 20, தசைகளுக்கு வலுவூட்ட 10, உடலைத் தணித்து நீட்ட 7 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதில் கடைசி 7 நிமிடத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். வேகமாக ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கித் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு இது இன்னும் எளிதாக நேரும். நேரம் போதவில்லை என்றால் நடுவில் இருப்பதைக் குறையுங்கள்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது வாய்விட்டுப் பேசியபடியே பாருங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையே ஆகாது. ஆடிக்கொண்டே பேசும்போது மூச்சு எங்கே வாங்குகிறது என்பது குரல் எழும்பினால்தான் தெரியும். ஒரு முறையாவது ஒன்றும் அறியாத இரண்டு பேரை நிறுத்தி நடத்திப் பாருங்கள். உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போதும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் 20 பேரும் தடுமாறுவார்கள். தொடக்கத்தில் சொல்லப்போகும் நாலைந்து வாக்கியங்களை மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் அவை தாமாக வெளியே வரும்.

நடுவில் மறந்துபோனால் என்ன செய்வது? "நின்ற இடத்தில் நடை" என்று சொல்லுங்கள். அதுதான் உங்கள் தாய்வீடு. எட்டுத் தட்டு, பதினாறு தட்டு நடந்தால் அடுத்தது நினைவுக்கு வந்துவிடும். நீங்கள் மறந்ததை யாரும் அறிய மாட்டார்கள்.

பாட்டு விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே நம் பெண்களில் பலர் சிறுவயதில் கொஞ்சமாவது பரதநாட்டியம் கற்றிருப்பார்கள், இல்லையென்றால் மகளையோ பேத்தியையோ வகுப்புக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை. நான்கு ஆவர்த்தனம் சேர்ந்தால் 32, அதுவே பயிற்சி இசையின் ஒரு சுற்று. இதைச் சொல்லிக்கொடுத்தால் எப்போது அசைவு மாறும் என்பதை உடம்பு தானே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். எனக்குப் பயிற்சி தந்தவர்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஒரு முன்னாள் நடன மாணவிதான் வகுப்பு முடிந்து வந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

சினிமாப் பாட்டுப் போடலாம், எல்லோருக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். இடையிசை வரும் இடத்தில் தாளம் நின்றுவிடும், அல்லது சரணத்தில் நான்கு எண்ணிக்கை கூடியிருக்கும். குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடையில் இருப்பவை. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிவதால், இரட்டிப்பு வேகத்தில் அடிவைக்கச் சொன்னால் கால் இடறும். அவற்றைக் கடைசியில் ஒரே ஒரு பாட்டாக, எளிய அடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்குப் பயிற்சிக்கென்றே சீராகத் தொகுத்த இசைதான் பாதுகாப்பு. 71 வயதுக்காரர் இருக்கும் வகுப்பில் நிமிடத்துக்கு 115 முதல் 125 தட்டு வரை போதும். நீங்கள் கத்தாமலே உங்கள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவில் ஒலியை வையுங்கள். மின்வெட்டு வந்தாலும் ஓடும்படி பேட்டரி ஸ்பீக்கர் எடுத்துப்போங்கள். பதிவுசெய்த இசையைப் பொது இடத்தில் ஒலிக்க உரிமம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அதைக் கொடுப்பவற்றில் ஒன்று சாம்ரோ. மண்டபத்தின் பெயரில் உரிமம் இருக்கிறதா என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

மொழி. 1860 நவம்பரில் டுரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரன், எள்ளுப்பேத்திகள் நம் வகுப்புக்கு வருகிறார்கள். தேவாரம் பாடுவார்கள், ஆயா, தாத்தா, அக்கா என்றுதான் அழைப்பார்கள். வாக்கியமாகப் பேசுவது ஆங்கிலத்தில். அவர்களோடு அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களும், ஜூலு பேசும் பக்கத்துத் தெருப் பெண்களும் சேர்ந்து நிற்பார்கள். விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லுங்கள், எண்ணிக்கையைத் தமிழில் சொல்லுங்கள். ஒன்று முதல் எட்டு வரை இரண்டே வாரத்தில் எல்லோர் வாயிலும் ஏறிவிடும். நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்குமுகமாக எண்ணினால் அடுத்த அசைவுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

தமிழில் கட்டளை கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "வலது காலை முன்னால் வைத்துக் கையை உயர்த்துங்கள்" என்று நீங்கள் முடிப்பதற்குள் அந்தத் தட்டு கடந்துபோயிருக்கும். "முன்னால்! வலது!" போதும். அதையும் நான்கு தட்டுகளுக்கு முன்பே சொல்ல வேண்டும். வலது, இடது என்பதிலும் குழப்பம் வரும். அவர்களைப் பார்த்து நிற்கும்போது "வலது" என்று சொல்லிவிட்டு உங்கள் இடது காலை அசைக்க வேண்டும், அப்போதுதான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் சரியாகத் தெரியும். இது பழகும்வரை இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்: "சன்னல் பக்கம் நான்கு, சமையலறைப் பக்கம் நான்கு." இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

இப்போது 24ம் 71ம் ஒரே வகுப்பில் நிற்கும் பிரச்சினை. எளிய அசைவையே வகுப்பின் அசைவாக வையுங்கள். "முடியாதவர்கள் இப்படிச் செய்யுங்கள்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அதைக் கேட்டதும் முடியாதவர்களும் கடினமானதையே செய்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வார்கள், ரோஷம் அப்படி. எல்லோரும் எளியதைச் செய்துகொண்டிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் வேண்டுமா? கையை மேலே தூக்குங்கள், முழங்காலை உயர்த்துங்கள்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். வேகத்தை அளக்கப் பேச்சுச் சோதனை போதும். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவருக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. எடை தூக்கும்போது மூச்சை அடக்குவதையும் கவனியுங்கள், அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். உரக்க எண்ணச் சொன்னால் யாராலும் மூச்சை அடக்க முடியாது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத் தரை பெரும்பாலும் டைல்ஸ், அடியில் கான்கிரீட். குதிக்கும் அசைவு ஒன்றுகூட வேண்டாம், எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கட்டும். கோயில் வளாகம் என்பதால் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வருவார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சிறு கல் குத்தினாலும் தெரியாது, அது புண்ணாகி முற்றிய பிறகே கவனிப்பார். உள்ளே மட்டும் அணியத் தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள்ளலாமா என்று குழுவிடம் முன்பே பேசி அனுமதி வாங்குங்கள். காரணத்தைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள், எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. வியர்வை சொட்டினால் டைல்ஸ் வழுக்கும், துடைக்க ஒரு துணி கையருகே இருக்கட்டும். டர்பன் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது, உடம்பும் ஆறாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கு நிறுத்துங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிக்கு மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நடுத்தரையில் போட்டால் சறுக்கும்.

தவறாகச் செய்பவரைத் திருத்தும்போது பெயர் சொல்லாதீர்கள். "எல்லோரும் முழங்காலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் அருகே போய் நின்று அதே அசைவைச் சரியாகச் செய்து காட்டுங்கள். கேட்காமல் யாரையும் தொடாதீர்கள். எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், பாராட்டாகக்கூட. "மெலிந்துவிட்டீர்களே" என்று ஒருவரிடம் சொன்னால் மற்ற 19 பேரும் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, அன்று மண்டபத்தில் கருமாதியோ நிச்சயதார்த்தமோ இல்லையே என்பதை முந்தின நாளே உறுதிசெய்யுங்கள். ஒருமுறை கதவைத் திறந்தபோது உள்ளே வாழையிலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது, எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வகுப்பு ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கண்ணைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள், இடது மூலையிலிருந்து வலது மூலை வரை. முகம் வெளுக்கிறதா, யாராவது சுவரைத் தேடுகிறார்களா, பேச்சு நின்றுவிட்டதா? அரட்டை அடிப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், பேசுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சட்டென்று அமைதியாகிவிட்டவரிடம் போங்கள்.

முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். "முழங்காலில் ஏதோ பிடித்தது", "அந்தப் பின்னல் அடி வரவில்லை" என்று உண்மையைச் சொல்வது அப்போதுதான். வீட்டுக்குப் போனதும் அதை எழுதிவையுங்கள். அடுத்த சனிக்கிழமை அதே பாட்டுகள், அதே ஆறு அசைவுகள். நான்கு வாரம் மாற்றாதீர்கள். சலித்துப்போகுமே என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் அந்த 71 வயதுக்காரருக்குப் பின்னல் அடி பிடிபடுவது மூன்றாவது வாரத்தில்தான். அது பிடிபடும் அன்று அவருடைய முகத்தைப் பார்க்க நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.